மலிவான ரவை எது, தம்பி?

துப்பாக்கி விற்கிறவன் ஒரு வாடிக்கையாளரிடம் ஒருமுறை பேசினால் போதும். ரவை, அதாவது தோட்டா, விற்கிறவன் அதே ஆளிடம் வாரா வாரம் பேச வேண்டும். நாற்பது சேலையைப் பிரித்துக் காட்டியபின் "பேந்து வாறம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு சேலைகளைத் திரும்ப மடித்தவர்களே, கைத்தொலைபேசிக் கடையில் நின்று கால் வீங்கியவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

என் பெயர் லிங்கம். மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம், ஒரு மாத்திரைத் தொழிற்சாலைக்கும் ஒரு தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவில் இருக்கிற துப்பாக்கிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். கடையின் பின்பக்கம் றேஞ்ச். லைசென்சும் கிளப் அங்கத்துவமும் உள்ளவர்கள் வந்து காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுகிற இடம் அது. நான் பெட்டி தூக்கத்தான் போனேன். ரவைக் கவுண்டரில் நின்றவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட, முதலாளி றெஜான் என்னைக் கோர்ஸ் படிக்க அனுப்பி, லைசென்ஸ் எடுக்க வைத்து, அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

எங்கள் தொழிலில் இப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், றேஞ்சில் சுடலாம். புதிதாக வாங்க முடியாது, இன்னொருவரிடமிருந்து கைமாற்றவும் முடியாது. ஆகவே கையில் இருப்பது உடைந்தால் அத்தோடு சரி. அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ரவையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். துப்பாக்கிக்குக் கேடு செய்யாததாக இருக்க வேண்டும், ஒன்றுகூட வெடிக்காமல் போகக் கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் தேடுகிறவர்களுக்கு முகம் கோணாமல் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

ஸ்போர்ட்ஸ் கடை

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் என்னிடம் ஏன் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது என்று கேட்டார்கள். வெடிச்சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும், நித்திரை வராது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். மொழிபெயர்த்த அம்மா அதை இன்னும் கொஞ்சம் அழுத்தியும் சொன்னார். அதை நம்பித்தான் எனக்கு இருக்க இடம் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவன் இன்றைக்கு எந்த ரவை நன்றாக வெடிக்கும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால் யாரிடம் போய் முறையிடுவது.

என் மனைவி வசந்தி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கேட்டாலும் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் வேலை என்று சொல்லிவிடுவாள். சட்டப்படி பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை அவளுடைய தூரத்துச் சித்தப்பா ஓரமாகக் கூப்பிட்டார். கடைப் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டார் போலும் என்று எனக்கு வியர்த்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, எங்கட கடைசிப் பிள்ளைக்கு ஒரு பாட்மின்டன் றாக்கெட் கழிவு விலையிலை எடுத்துத் தருவியளே?"

ஆராய்ச்சி

வெங்கட் சார் சென்னைக்காரர். இங்கே பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு எந்த ரவை பொருத்தம் என்பதை அறிய ஒரு கொப்பியோடு வந்தார். நூற்றிப் பதினைந்து கிரெயின் நல்லதா, நூற்றி இருபத்து நான்கு நல்லதா என்பது முதல் கேள்வி. கிரெயின் என்பது முன்னால் பறந்து போகிற சன்னத்தின் நிறை; பழக்கத்துக்குச் சுடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், மலிவானதை எடுங்கள் என்றேன். அவர் அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஏழு மாதம் வந்து போனார். ஒவ்வொரு பெட்டியையும் கண்ணாடிக்கு அருகில் வைத்து வாசித்தார், படம் பிடித்தார், எனக்கு நன்றி சொன்னார். ஒரு பெட்டியும் வாங்கவில்லை. துவக்கை வைத்திருக்கிற ஒருவர் அத்தனை காலம் ஒரு வெடிகூட வைக்காமல் இருந்தது அந்தக் கொப்பியின் புண்ணியம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ஒரு பெட்டி வாங்கி உள்ளே போனார். ஐம்பதையும் சுட்டுவிட்டு இலக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நடு வட்டத்தைத் தவிர எல்லா இடத்திலும் ஓட்டை இருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லிங்கம், தோட்டா மேல தப்பு சொல்ல முடியாது, காத்தாடி காத்து இந்தப் பக்கமா வருது பாருங்க."

காகிதத்துக்கு எது போதும்

ஜிம்முக்குப் போய்த் தோள் வளர்த்த ஒரு இளைஞன், கடையில் இருப்பதிலேயே பலமான ரவை வேண்டும் என்று நின்றான். உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கிற ஜாதியைக் காட்டிக் கேட்டான். இங்கே சுடுவது காகிதத்தை, அதற்குச் செம்புப் போர்வை போட்ட சாதாரண உருண்டை மூக்கு ரவை போதும், அது பாதி விலை, கைக்கும் உதை குறைவு என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன். அவனுக்கு நான் அவமானப்படுத்தியது போல இருந்தது. முகம் சிவந்துவிட்டது.

பின்னால் வரிசையில் நின்றவர் எழுபது வயது மதாம் ஒருவர். பின்னல் பையோடு வருவார், இருபத்திரண்டு காலிபரில் எப்போதும் ஒரே வகை, எப்போதும் ஒரு பெட்டி. ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத ஒரே மனிதப்பிறவி. அவர் அந்தப் பையனின் தோளைத் தட்டிப் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "கண்ணா, காகிதம் திருப்பிச் சுடாது, வீட்டுக்குப் போகும் வழியில் மிச்சக் காசுக்குக் கோப்பி குடி."

காந்தம்

இனி வருகிறவர்தான் இந்தக் கதைகளின் நாயகன். தவம் அண்ணை. வில்லரேயில் தெப்பனர் வைத்திருக்கிறார். பால், பியர், லொத்தர் எல்லாம் விற்கிற மூலைக்கடை. தடை வருவதற்கு இரண்டு கிழமை முன்பு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி ஓடி வந்து ஒரு ஒன்பது மில்லிமீட்டர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அவருடைய ஒரே கேள்வி, மலிவான ரவை எது, தம்பி. மொத்த வியாபாரம் தெரிந்தவர் ஆகையால் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக விலை கேட்பார். மற்றக் கடையில் என்ன விலை என்பதைத் தொலைபேசியில் காட்டுவார். வாங்குவது என்னவோ ஒரு பெட்டி.

ஒருநாள் வேறெங்கோ எடுத்த இரும்புச் சன்ன ரவையைப் பையில் கொண்டு வந்தார். எங்கள் றேஞ்சில் அதற்கு அனுமதி இல்லை. இரும்பு பட்டால் பின்சுவர்த் தகடு பழுதாகும், தீப்பொறி பறக்கும். அதனால் வெளியிலிருந்து வருகிற எந்தப் பெட்டியிலும் ஒரு ரவையை எடுத்துக் காந்தம் பிடித்துப் பார்ப்போம். ஒட்டினால் வெளியே. அவருடையது கேட்டுக் கேள்வி இல்லாமல் ஓடி வந்து ஒட்டியது. அதைப் பிய்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் அண்ணை இவ்வளவு கஷ்டப்பட்டு இதைப் பழகுகிறீர்கள், கிழமையில் ஒருநாள் ஓய்வு, அதை வீட்டில் கழிக்கலாமே என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு பெருநாள் இரவு யாரோ தெருவில் பட்டாசு கொளுத்த, கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே தான் பியர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டதைச் சொன்னார். அவருடைய மகன் அதைக் கண்டுவிட்டானாம். ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகியும் உடம்பு கேட்குதில்லை என்றார். நான் கவுண்டரைத் துடைக்கத் தொடங்கினேன், எனக்கும் அதே உடம்புதான். அவர் பையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "வெடிச்சத்தத்துக்கு ஓடாமல் நிக்கப் பழகிறன் தம்பி, அதுக்கு நீர் காந்தத்தை ஒருக்காத் தள்ளிப் பிடிச்சால் என்ன குறைஞ்சு போம்?"

எந்தக் கோர்ஸ்

கவுண்டருக்கும் றேஞ்சுக்கும் நடுவில் தடித்த சுவர். ஆனாலும் சத்தம் கொஞ்சம் வரும். ஒரு மத்தியானம் றெஜானோடு சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் தடத்தில் சுடுகிறவருடைய ரவை சரியில்லை, வெடிமருந்து ஒன்றில் கூடுதலாக, ஒன்றில் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. றெஜான் உள்ளே போய்ப் பார்த்தார். அது ஈரமான நிலவறையில் பல வருடம் கிடந்த பழைய பெட்டி.

அன்று முதல் அவருக்கு என்மேல் பெரிய மரியாதை. நான் ஒரு வெடியும் வைத்ததில்லை, லைசென்ஸ் பரீட்சைக்கு வைத்தது தவிர. சின்ன வயதில் ஊரில் எந்த ஷெல் எங்கிருந்து வருகிறது, எது விழுகிறது, எது கடந்து போகிறது என்று காதால் பிரித்து அறியாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஆள் இருக்க மாட்டான். இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லப் பிடிக்கவும் இல்லை. அவர் என்னை ஒரு கலைஞனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கேட்டார்: "லிங்கம், இதை எந்தக் கோர்ஸில் படித்தாய், மற்றப் பொடியன்களையும் அனுப்பலாமா?"

பூசை

நவராத்திரி முடிந்த அடுத்த ஞாயிறு தவம் அண்ணை கோபமாக வந்தார். நான் விற்ற ரவை பழுதாம். இரண்டு வெடிக்கு ஒருமுறை துவக்கு சிக்குகிறதாம். அந்தப் பெட்டி நான் பார்த்து எடுத்துக் கொடுத்தது, அதே இலக்கச் சரக்கை முப்பது பேர் வாங்கியிருந்தார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அவரோடு உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் மருந்துப் புகையோடு சேர்த்து ஒரு கோயில் வாசனை அடித்தது.

பெட்டியில் மிச்சமிருந்த ஒவ்வொரு ரவையிலும், கோதின், அதாவது வெளிக்கூட்டின், நடுவில் காய்ந்த மஞ்சள் பொட்டு. ஆயுத பூசைக்குக் காரும் தையல் மெசினும் பனி தள்ளுகிற சவளும் சுவாமி அறைக்கு வரும்போது இதை மட்டும் விடலாமா என்று அவரே கொண்டுபோய் வைத்திருக்கிறார். துவக்கு சட்டப்படி இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்ததால் அந்தப் பெட்டியின் கதவுக்குப் பொட்டு. ரவைக்கு மட்டும் ஐம்பது முறை தனித்தனியாக. காய்ந்த சந்தனம் குழலின் அடியில் அப்பிக்கொண்டால் அடுத்தது எப்படி உள்ளே போகும்? துடைத்துக் கொடுத்தேன். இனிமேல் சிக்கினால் பயப்பட வேண்டாம், இலக்குப் பக்கம் பிடித்தபடியே மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடுங்கோ என்றும் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் புத்திமதியை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரவை திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் எழுதிப் போட்டிருக்கிறது, அதைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு, தன் தரப்பு நியாயத்தைச் சொன்னார்: "குங்குமம் வைக்கேல்லைத் தம்பி, சந்தனம் மட்டும்தான், அதுவும் ஒரு துளி."

நல்ல பெட்டி

எங்கள் வீடுகளில் ஒரு டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்காது. தயிர் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு, பிஸ்கட் தகரத்தில் ஊசியும் நூலும், ஐஸ்கிறீம் வாளியில் மிளகாய்த்தூள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஐஸ்கிறீம் என்று திறந்து அழுதுவிட்டு வளர்கிறார்கள். இதைத் தெரிந்தவன் நான். தெரிந்தும் ஏமாந்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு தவம் அண்ணை நான் முன்பு விற்ற அதே நல்ல கம்பெனிப் பெட்டியோடு வந்தார். காந்தம் பிடித்தேன், ஒட்டவில்லை. நான் பெட்டியைப் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை. அவர் உள்ளே போனார். அன்று ஆள் குறைவு. அவருக்குப் பக்கத்துத் தடத்தில் வெங்கட் சார் கொப்பியோடு நின்றார். நான் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று வெற்றுக் கோதுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை நேராக நின்று சுட்டார். தோள் அசையவில்லை. நன்றாகத்தான் பழகிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஏழாவது வெடி வெடிக்கவில்லை. "டுப்" என்று ஒரு சின்னச் சத்தம், மூடி கழன்ற சோடாப் போத்தல் மாதிரி.

மருந்து இல்லாத ரவை அப்படித்தான் கேட்கும். பின்னால் இருக்கிற சின்ன வெடிப்பொட்டு மட்டும் சன்னத்தைத் தள்ளும்; அது குழலின் நடுவில் போய் இறுகி நின்றுவிடும். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். துவக்கு போகும், விரலும் போகும். அண்ணை என்ன செய்தார் தெரியுமா? என்ன சத்தம் இது என்று காதுமூடியை ஒரு பக்கம் தூக்கினார், பார்த்தார், பிறகு நான் சொல்லிக் கொடுத்தது போலவே மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட்டார். அடுத்த ரவை உள்ளே ஏறிவிட்டது. அந்தக் கோடியில் நின்ற மேற்பார்வையாளர் பிரெஞ்சில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை, கையை நீட்டிக் குறி வைத்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க நேரம் இல்லை. எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, மூத்தவருக்கு வைக்கிற மரியாதையும் வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்: "படு!"

அவர் படுத்துவிட்டார். ஒரு நொடிகூட இல்லை. கோர்ஸில் சொன்னபடி துவக்கை இலக்குப் பக்கம் பார்த்தபடி மேசையில் வைத்துவிட்டு, மறுகணம் வயிறு நிலத்தில் பட, கை இரண்டும் பிடரியில். முப்பது வருடம் கழித்தும் முழங்கை மடக்கின விதம் சரியாக இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அவருக்குப் பின்னால் கோதுகளுக்கு நடுவில் அதேமாதிரிக் கிடந்தேன். மற்ற எல்லோரும் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள். வெங்கட் சார் கொப்பியை மூடிவிட்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா, தேட வேண்டுமா என்று கேட்டார்.

றெஜான் ஓடி வந்து ஏறியிருந்த ரவையை வெளியே எடுத்தார், துவக்கைக் கழற்றினார், பித்தளைக் கம்பி விட்டுத் தட்டிக் குழலில் நின்ற சன்னத்தைப் பிரித்தார். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் பார்த்தோம். நாலு கம்பெனிக் கோது கலந்து கிடந்தது. லொங்குய் ஊரில் யாரோ ஒரு தெரிந்தவர் பழைய கோதுகளில் மருந்து நிரப்பித் தன் நிலவறையில் செய்ததாம், பாதி விலையாம். நல்ல பெட்டி, எறிய மனமில்லை, அதற்குள் மாற்றிக் கொட்டியிருக்கிறார். எங்களை ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவில்லை என்றார். நான் நம்பினேன். மிளகாய்த்தூளை யாரும் ஏமாற்றவென்று ஐஸ்கிறீம் வாளியில் போடுவதில்லை.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இழுத்துவிட்டுச் சுடுங்கோ என்று சொன்னது நான். அந்த விரல்கள் போயிருந்தால் என் வாயால் போயிருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அண்ணை கவுண்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார், சேட்டில் தூசி. நான் மன்னிப்புக் கேட்டேன், சொல்லித்தந்தது பாதிதான், சத்தம் குறைந்தால் தொடவே கூடாது என்று மிச்சப் பாதியையும் சொன்னேன். அவர் தன் பத்து விரலையும் விரித்து ஒருமுறை பார்த்தார், தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. கடைசியில் சொன்னார்: "மூண்டு வருசமா ஓடாமல் நிக்கப் பழகினன், நீர் ஒரு சொல்லிலை எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீர், சரி, அந்த முழு விலைப் பெட்டியிலை ரெண்டு தாரும்."

வெடிச்சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்தவன் நான், இப்போது சத்தம் குறைந்தால் பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.